டிரேட்மார்க், பதிப்புரிமை, பேட்டன்ட் வழக்கு எழுதப் பழகுபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவுசார் சொத்துரிமை வழக்குகளில் பிளெயின்ட் (வாதியின் வழக்குரை), அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்), எதிருரை (பிரதிவாதியின் பதில்) எழுதத் தொடங்கியிருக்கும் ஜூனியர்களுக்கும் கடைசி ஆண்டு சட்ட மாணவர்களுக்கும் இந்தப் பக்கம். சொல்லியிருப்பது இந்தியச் சட்டம். நடைமுறை என்று வரும் இடங்களில் பெரும்பாலும் சென்னை உயர் நீதிமன்றத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

சிவில் வழக்கு எழுதத் தெரிந்தவர் இதைத் தனியாகப் பழக வேண்டுமா?

பாதி தெரிந்த விஷயம்தான். சி.பி.சி. (சிவில் நடைமுறைச் சட்டம்) அதேதான். ஆர்டர் 6 ரூல் 2 சொல்வதுபோல வழக்குக்கு வேண்டிய நிகழ்வுகளைச் சொல்ல வேண்டும். சாட்சியத்தையெல்லாம் பிளெயின்டில் கொட்டக் கூடாது. வேறுபாடு இரண்டு இடங்களில் வருகிறது.

நில வழக்கில் சொத்து விவரம் என்று கடைசிப் பக்கத்தில் சர்வே நம்பரும் நான்கு எல்லையும் போட்டுவிட்டால், சண்டை எதைப் பற்றி என்பது தெரிந்துவிடும். ஒரு பெயருக்கோ ஓவியத்துக்கோ கருவிக்கோ அப்படி எல்லைக்கல் கிடையாது. எழுதுகிறவர்தான் அதை நட வேண்டும். அகலமாக நட்டால் எதிர்த்தரப்பு சுலபமாகப் பிடுங்கிவிடும். குறுக்கி நட்டால் பிரதிவாதி ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இரண்டாவது வேறுபாடு வேகம். இந்த வழக்குகளில் பலவற்றின் தலைவிதி இடைக்காலத் தடை கேட்கும் கட்டத்திலேயே தெரிந்துவிடுகிறது. முதல் நாள் நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டும் சில நிமிடங்களில் உரிமை யாருடையது, எப்போதிலிருந்து, எதிராளி செய்தது என்ன என்ற மூன்றும் கண்ணில் பட வேண்டும்.

எங்கிருந்து எழுதத் தொடங்குவது?

ப்ரேயரிலிருந்து, அதாவது நீதிமன்றத்திடம் கேட்கும் கோரிக்கையிலிருந்து. பெரும்பாலான ஜூனியர்கள் ‘வாதி ஒரு புகழ்பெற்ற நிறுவனம்’ என்ற முதல் பத்தியில் ஆரம்பித்து, களைத்துப்போய், கடைசியில் பழைய கட்டிலிருந்து ப்ரேயரை எடுத்து ஒட்டுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். நீதிபதி என்ன உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு அந்த உத்தரவின் ஒவ்வொரு சொல்லுக்கும் பிளெயின்டில் ஒரு பத்தி கணக்குக் காட்ட வேண்டும்.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். வாதி ‘வெண்சங்கு’ என்ற பெயரில் ஊதுபத்தி விற்கிறார். பிரதிவாதி ‘வெண்சங்கம்’ என்று போட்டு விற்கத் தொடங்கியிருக்கிறார். ப்ரேயரை இப்படி எழுதுவீர்கள்: ‘வெண்சங்கம் என்ற பெயரையோ, வாதியின் பதிவுபெற்ற வெண்சங்கு சின்னத்தை ஏமாற்றும் வகையில் ஒத்த வேறு எந்தப் பெயரையோ, ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் ஆகியவற்றில் உற்பத்தியிலோ விற்பனையிலோ விளம்பரத்திலோ இணைய வழியிலோ பயன்படுத்தக் கூடாது.’

இப்போது ஒவ்வொரு சொல்லாகக் கேளுங்கள். ‘பதிவுபெற்ற’ என்றால் பதிவு எண், வகுப்பு, தேதி, புதுப்பித்த விவரம் எந்தப் பத்தியில்? ‘சாம்பிராணி, கற்பூரம்’ என்று சேர்த்திருக்கிறீர்கள். பதிவு அவற்றுக்கும் சேர்த்துத்தானா, ஊதுபத்திக்கு மட்டுமா? ஊதுபத்திக்கு மட்டும் என்றால் அந்தப் பொருள்களுக்கு என்ன நியாயம்? ‘உற்பத்தி’ என்கிறீர்கள், பிரதிவாதி தயாரிப்பவரா, வெறும் கடைக்காரரா? ‘இணைய வழி’ என்றால் எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் பார்த்தது? கணக்குச் சொல்ல முடியாத சொல்லை ப்ரேயரிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது கட்சிக்காரருக்கு போன் போடுங்கள். கட்சிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் பெரும்பாலானவை இப்படித்தான் கிடைக்கும்.

ஒரு சின்ன விஷயம். டிரேட்மார்க் சட்டம் 1999, பிரிவு 135 வாதிக்குத் தருவது நஷ்டஈடு அல்லது லாபக் கணக்கு, இரண்டில் ஒன்று, அவர் விருப்பப்படி. பழைய கட்டைப் பார்த்து இரண்டையும் கூட்டிக் கேட்டிருப்பதை இன்றைக்கும் பார்க்கிறேன். மாற்றாகக் கேட்டால் சரி.

ஒரு நல்ல பத்தி எப்படி இருக்கும்? மாதிரி கிடைக்குமா?

முதலில் எல்லாக் கட்டிலும் இருக்கும் பத்தி:

‘வாதி நெடுங்காலமாக ஊதுபத்தித் தொழிலில் ஈடு இணையற்ற நற்பெயரோடு விளங்கி வருகிறார். வாதியின் வெண்சங்கு நாடெங்கும் வீடுதோறும் அறியப்பட்ட பெயராகும். பிரதிவாதி தீய உள்நோக்கத்தோடும் பேராசையோடும் வாதியின் புகழைச் சூறையாடும் எண்ணத்தோடும் அப்பட்டமாகக் காப்பியடித்துள்ளார்.’

இதிலிருந்து உத்தரவில் எடுத்துப்போட ஒரு வரிகூட இல்லை. மறுப்பதும் எளிது. ‘மறுக்கப்படுகிறது’ என்ற ஒரே சொல் போதும். இதே விஷயம் இப்படி வரலாம்:

‘வாதி 2009 ஜூன் முதல் வெண்சங்கு என்ற பெயரில் ஊதுபத்தி விற்று வருகிறார். கிடைத்துள்ளவற்றில் மிகப் பழைய விற்பனை பில் 14.06.2009 தேதியிட்டது (ஆவணம் 3). 2009 முதல் இன்றுவரை ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஒரு பில் தாக்கல் செய்யப்பட்டுள்ளது (ஆவணங்கள் 3 முதல் 19 வரை). பிரதிவாதியின் பாக்கெட்டை வாதியின் விற்பனைப் பிரதிநிதி முதன்முதலில் 2024 நவம்பரில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் பார்த்தார். அந்தக் கடையில் வாங்கிய பாக்கெட்டும் பில்லும் ஆவணங்கள் 24, 25.’

இரண்டாவதில் வசை இல்லை. ஆனால் பிரதிவாதியின் நிலைமை இதில்தான் மோசம். 2009-ஐ முறியடிக்க அவர் அதற்கு முந்தைய தன் பில் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். ‘கிடைத்துள்ளவற்றில் மிகப் பழைய’ என்ற சொற்களையும் கவனியுங்கள். நாளை 2008 பில் ஒன்று அகப்பட்டால் அதைக் கொண்டுவர வழி இருக்கிறது. அகப்படாவிட்டாலும் சொன்னது பொய்யாகவில்லை.

இன்ஃப்ரின்ஜ்மென்ட், பாசிங் ஆஃப் இரண்டையும் ஒரே பிளெயின்டில் எழுதலாமா?

எழுதலாம், வழக்கமும் அதுதான். ஆனால் ஒன்றாகக் குழைக்கக் கூடாது. இன்ஃப்ரின்ஜ்மென்டுக்கு (பதிவுபெற்ற சின்னத்தை மீறுவது) அடிப்படை பதிவு. டிரேட்மார்க் சட்டம் பிரிவு 29-இன் எந்த உட்பிரிவு என்று சொல்லுங்கள். பாசிங் ஆஃப் (தன் பொருளை இன்னொருவருடையதுபோலக் காட்டி விற்பது) பதிவைச் சார்ந்ததல்ல. பிரிவு 27(2) அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதற்கு நற்பெயர், தவறான தோற்றம், பாதிப்பு என்ற மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி நிறுவ வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு நம் ஊர் வழக்கே இருக்கிறது. இருட்டுக்கடை அல்வா வழக்கில் இரண்டு தரப்பிடமும் பதிவு இருந்தது. பதிவுபெற்ற இருவருக்கிடையே இன்ஃப்ரின்ஜ்மென்ட் வழக்கு நிற்காது என்பது பிரிவு 28(3)-இன் விளைவு. ஆனால் முன்னதாகப் பயன்படுத்தியவரின் உரிமை பதிவைவிட மேலானது, அவர் பாசிங் ஆஃப் வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது. பாசிங் ஆஃப் பகுதியை இரண்டே வரியில் முடித்த பிளெயின்டோடு இப்படி ஒரு எதிர்வாதத்தைச் சந்தித்தால் திரும்பிப் போக இடமிருக்காது.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதுபவர்கள் டொயோட்டா வழக்கை (பிரியஸ் பெயர் பற்றியது, உச்ச நீதிமன்றம், 2017 டிசம்பர்) கட்டாயம் படிக்க வேண்டும். உலகப் புகழ் என்று சொன்னால் போதாது. பிரதிவாதி அந்தப் பெயரை எடுத்த காலத்தில் இந்தியச் சந்தையில் அந்தப் புகழ் இருந்ததா என்பதே கேள்வி.

இரண்டு சின்னங்களும் ஒத்திருக்கின்றன என்பதை எப்படி எழுத்தில் காட்டுவது?

எல்லோரும் செய்வது, இரண்டு பாக்கெட்டின் படத்தையும் அட்டவணையில் அருகருகே போடுவது. நானும் போடச் சொல்வேன், நீதிபதிக்கு உதவும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? பார்லே பிராடக்ட்ஸ் வழக்கில் (1972) உச்ச நீதிமன்றம் சொன்னது, அருகருகே வைத்து வித்தியாசம் தேடக் கூடாது, மொத்தத் தோற்றத்தைப் பார்க்க வேண்டும் என்பது. அதற்கும் முன்னால் அமிர்ததாரா வழக்கில் (1963), சராசரி அறிவும் மங்கலான நினைவும் உள்ள வாங்குபவரின் நிலையில் நின்று பார்க்கச் சொன்னது. ஆக அட்டவணை போட்ட கையோடு கீழே ஒரு பத்தி எழுதியாக வேண்டும். வாங்குபவர் யார், எங்கே நின்று வாங்குகிறார், பெயரை வாயால் கேட்டு வாங்குகிறாரா, பாக்கெட்டைப் பார்த்து எடுக்கிறாரா என்று அதில் சொல்ல வேண்டும். ‘வெண்சங்கு’ என்று கடையில் குரல் கொடுத்தால் ‘வெண்சங்கம்’ கைக்கு வருமா என்பதுதான் வழக்கு. எழுத்துருவின் வளைவைப் பற்றி முக்கால் பக்கம் எழுதுவது இரண்டாம் பட்சம்.

மருந்துப் பெயர் என்றால் அளவுகோல் இன்னும் கடுமை. காடிலா வழக்கில் (2001) உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுக்கச் சொன்ன அம்சங்களை வரிசையாக வைத்து, உங்கள் வழக்கில் ஒவ்வொன்றுக்கும் என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். நல்ல பயிற்சி.

கட்சிக்காரருக்குப் பாதகமான விவரங்களைப் பிளெயின்டில் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பைக் கேட்காமல் தரும் ஒருதலைப்பட்சமான தடை கேட்டு வருகிறவருக்கு இது இரட்டிப்புக் கடமை. செங்கல்வராய நாயுடு வழக்கில் (1994) முக்கியமான ஆவணத்தை மறைத்துப் பெற்ற தீர்ப்பை நீதிமன்றத்தின் மீதே செய்த மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டிரேட்மார்க் வழக்கில் கண்ணிவெடி எங்கே புதைந்திருக்கும் என்றால், பதிவகத்தின் கோப்பில். பதிவுக்கு விண்ணப்பித்தபோது ஆய்வறிக்கையில் வேறொருவரின் சின்னத்தைக் காட்டி ஆட்சேபித்திருப்பார்கள். அப்போதைய ஏஜென்ட், ‘இரண்டு சின்னங்களும் முற்றிலும் வேறானவை, சங்கு என்பது பொதுவான சொல்’ என்று பதில் கொடுத்திருப்பார். இன்று அதே வாதி, சங்கு என்ற சொல்லே எனக்குரியது என்று வழக்குப் போடுகிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் இறக்கிப் பார்ப்பது இந்தப் பதிலைத்தான். பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆகவே எழுதுவதற்கு முன் நீங்களே முழுக் கோப்பையும் இறக்கிப் படித்துவிடுங்கள். அப்படி ஒரு பதில் இருந்தால் அதைச் சொல்லி, இந்த வழக்கு ஏன் வேறு என்பதை ஒரு பத்தியில் விளக்குங்கள். விளக்க முடியவில்லை என்றால் கோரிக்கையைச் சுருக்க வேண்டிய நேரம் அது.

தாமதமும் அப்படித்தான். பிரதிவாதியைப் பற்றி முதலில் எப்போது தெரிந்தது என்பதைத் தேதியோடு சொல்லிவிடுங்கள். நேர்மையற்ற நோக்கத்தோடு சின்னத்தை எடுத்தது தெரிந்தால், தாமதம் மட்டும் தடைக்குக் குறுக்கே நிற்காது என்று மிடாஸ் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தாமதம் மன்னிக்கப்படலாம். மறைத்தது தெரிந்தால் தப்பிப்பது கடினம்.

பிரிவு 12ஏ மத்தியஸ்தத்தை எப்படிக் கையாள்வது?

வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015-இன்படி, அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வணிக வழக்கை முன்கூட்டிய மத்தியஸ்தம் இல்லாமல் தாக்கல் செய்ய முடியாது. இது கட்டாயம் என்று பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்பு (2022) முடிவுகட்டியது. தடை மனு ஒன்றைச் சும்மா இணைத்து இதைத் தாண்டப் பார்க்கிறார்களா என்பதைப் பிளெயின்டையும் ஆவணங்களையும் வைத்து நீதிமன்றம் பார்க்கலாம் என்றது யாமினி மனோகர் தீர்ப்பு (2023). தொடர்ந்து நடக்கும் அறிவுசார் சொத்துரிமை மீறலில் அவசரம் உள்ளார்ந்தே இருக்கிறது, தாமதம் ஒன்றை வைத்து அதை இல்லையென்று சொல்ல முடியாது என்று நோவென்கோ வழக்கில் 2025-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வாதிகளுக்குப் பெரிய ஆறுதல்.

அதற்காக ‘அவசரம் உள்ளது’ என்று ஒற்றை வரி போதும் என்று நினைக்க வேண்டாம். பிரதிவாதியின் பொருள் எந்தெந்த ஊருக்குப் பரவுகிறது, பண்டிகைக் கால விற்பனை நெருங்குகிறதா, புகார்கள் வந்திருக்கின்றனவா என்று நடப்பதைச் சொல்லுங்கள். தனித் தலைப்புக் கொடுத்து எழுதுங்கள்.

எந்த நீதிமன்றம் என்ற பத்தி?

டிரேட்மார்க் சட்டம் பிரிவு 134, பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 62 இரண்டும் வாதி தொழில் நடத்தும் இடத்திலேயே வழக்குப் போட வழி தருகின்றன. ஆனால் வாதியின் அலுவலகம் இருக்கும் ஊரிலேயே வழக்கு மூலமும் (வழக்குக்குக் காரணமான நிகழ்வு) எழுந்திருந்தால், அதை விட்டுவிட்டுத் தொலைவிலுள்ள இன்னொரு ஊருக்கு எதிராளியை இழுக்க முடியாது என்பது சஞ்சய் தாலியா தீர்ப்பு (2015). பாசிங் ஆஃப் கோரிக்கைக்கு 134(2) கைகொடுக்காது, அங்கே சி.பி.சி. பிரிவு 20. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில் (வழக்குகளை நேரடியாக விசாரிக்கும் பிரிவு) லெட்டர்ஸ் பேட்டன்ட் (அந்த நீதிமன்றத்தை நிறுவிய சாசனம்) கிளாஸ் 12, கிளாஸ் 14 லீவ் (முன் அனுமதி) மனுக்கள் வேண்டுமா என்பதைத் தாக்கலுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். இது விடுபட்டால் பேப்பர் ரிட்டர்ன் ஆவது மட்டுமல்ல, பின்னால் லீவை ரத்துசெய்யக் கோரும் மனுவுக்கும் இடம் கொடுக்கும்.

பதிப்புரிமை வழக்கில் ஜூனியர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

உரிமைச் சங்கிலியில். படைப்பு எது, எந்த வகை, படைத்தவர் யார், அவரிடமிருந்து வாதிக்கு எப்படி வந்தது என்ற நான்கும் சொல்லியாக வேண்டும். ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்ததா? அப்படியானால் பிரிவு 17(சி), எதிரான ஒப்பந்தம் இல்லாதவரை முதலாளிக்கு உரிமை தருகிறது. வெளியாள் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு லேபிள் வரைந்து கொடுத்தாரா? எழுத்து மூலமான உரிமை மாற்றம் கையில் இல்லையென்றால் எதிர்த்தரப்பு அங்கேதான் கை வைக்கும். ஒப்பந்தம் இருந்தாலும் வாசித்துப் பாருங்கள். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கே. இடம் குறிப்பிடாதது இந்தியாவுக்கு மட்டுமே. பிரிவு 19-இன் இந்த இரண்டு உட்பிரிவுகள் எத்தனையோ நல்ல வழக்குகளைச் சாய்த்திருக்கின்றன.

அடுத்தது, கருத்துக்கும் வெளிப்பாட்டுக்கும் உள்ள கோடு. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு (1978) ஒரு நாடகமும் ஒரு திரைப்படமும் பற்றியது. கருப்பொருள் ஒன்றாக இருந்தும் மீறல் இல்லை என்று முடிந்தது. ‘என் கதையைத் திருடிவிட்டார்கள்’ என்று வருகிறவருக்கு எழுதும்போது, கதையை விட்டுவிட்டுக் காட்சி, உரையாடல், நிகழ்வு வரிசை என்று தொட்டுக் காட்டக்கூடியவற்றைப் பட்டியலிடுங்கள். பட்டியல் போட வரவில்லை என்றால் வழக்கும் வராது. இதைக் கட்சிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பேட்டன்ட் பிளெயின்ட் எழுத அறிவியல் பட்டம் வேண்டுமா?

வழக்கு நடத்த வேண்டாம். பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வுக்குத்தான் அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கேட்பார்கள். ஆனால் கிளெய்மை, அதாவது பேட்டன்ட் எதைப் பாதுகாக்கிறது என்று வரையறுக்கும் வாசகத்தை, சொல் சொல்லாகப் பிரிக்கத் தெரிய வேண்டும். கிளெய்ம் சார்ட் என்பது அந்தப் பிரிப்புதான். கற்பனைக்கு ஒரு கிளெய்ம்: ‘ஒரு கொள்கலன், அதற்கு ஒரு மூடி, மூடியில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு, வால்வை மூடிய நிலையில் வைக்கும் ஸ்பிரிங்.’ நான்கு கூறுகள், நான்கு வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே விவரக்குறிப்பில் அது விளக்கப்பட்டுள்ள இடம், பிரதிவாதியின் பொருளில் அது இருக்கும் இடம், அதற்கான ஆவணம். பிரதிவாதியின் மூடியில் ஸ்பிரிங்குக்குப் பதில் எடைக்குண்டு இருந்தால் நான்காவது வரிசை வெறுமையாக நிற்கும். அந்த வெறுமையைச் சொல்ஜாலத்தால் மூடாமல், ஏன் எடைக்குண்டும் அதே வேலையை அதே வழியில் செய்கிறது என்று வாதிட முடியுமா என்று நிபுணரிடம் கேளுங்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2022 பேட்டன்ட் வழக்கு விதிகள் இந்த ஒப்பீட்டைப் பிளெயின்டிலேயே கேட்கின்றன. அந்த விதிகள் பொருந்தாத இடத்திலும் போடுங்கள்.

டிரேட்மார்க்கிலிருந்து வருகிறவர்கள் மறப்பது ஒன்று உண்டு. பேட்டன்ட் வழங்கப்பட்டதாலேயே அது செல்லுபடியாகும் என்று ஆகிவிடாது. பேட்டன்ட் சட்டம் பிரிவு 13(4) அப்படி உத்தரவாதம் தருவதில்லை, 1978-இல் பிஷ்வநாத் பிரசாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. பிரிவு 64-இல் உள்ள எந்தக் காரணத்தையும் பிரதிவாதி 107-இன்கீழ் எதிர்வாதமாக எடுக்கலாம். ஆக எதிர்ப்பு மனுக்கள் வந்தனவா, அவற்றின் முடிவு என்ன, வெளிநாட்டில் இதே கண்டுபிடிப்பின் கதி என்ன என்பதற்குப் பிளெயின்டில் தனிப் பகுதி வேண்டும்.

ஆவணங்களில் என்ன கவனிக்க வேண்டும்?

வணிக வழக்கில் உண்மை உறுதிமொழி அபிடவிட் இல்லாத பிளெயின்டை வாதி ஆதாரமாகக் காட்ட முடியாது (ஆர்டர் 6 ரூல் 15ஏ). கைவசமுள்ள எல்லா ஆவணங்களையும் பிளெயின்டோடு தாக்கல் செய்ய வேண்டும் (ஆர்டர் 11). அவசரத் தாக்கல் என்றால் லீவ் வாங்கி 30 நாளுக்குள் மிச்சத்தைச் சேர்க்கலாம். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பழைய பழக்கம் இங்கே செல்லாது.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது முகவரிப் பட்டையும் தேதியும் தெரியட்டும். மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்கீழ். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி படிவத்தில் பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. புதியதில் இரண்டு பகுதிகள் உண்டு, இரண்டாவது நிபுணர் தருவது, ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு) கேட்கிறார்கள். 1.7.2024 முதல் இதுதான் சட்டம்.

வழக்குக்கு முன் நோட்டீஸ் அனுப்பலாமா?

அனுப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. அனுப்பினால் அதுவே எதிர்த்தரப்பின் முதல் ஆவணம். உங்களுக்கு எப்போது தெரிந்தது என்பதற்கு அது சாட்சி. அதில் சொன்ன உரிமைக்கும் பிளெயின்டில் சொல்லும் உரிமைக்கும் வித்தியாசம் இருந்தால் அதற்கும் அதுதான் சாட்சி. அடிப்படையில்லாத மிரட்டல் என்று எதிராளி தனி வழக்கும் போடலாம்: டிரேட்மார்க்கில் பிரிவு 142, பதிப்புரிமையில் 60, பேட்டன்டில் 106. தவிர, நோட்டீஸ் கிடைத்தவர் உடனே கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்ற மனு) போட்டுவிடுவார். அப்புறம் ஒருதலைப்பட்சத் தடையை மறந்துவிட வேண்டியதுதான். சரக்கை ஒளித்துவிடும் ஆள் என்று சந்தேகமிருந்தால் நோட்டீஸ் வேண்டாம் என்பதே என் கட்சி.

பிரதிவாதி பக்கம் எழுதுவது சுலபமா?

கஷ்டம், கால நெருக்கடியும் உண்டு. வணிக வழக்கில் சம்மன் கிடைத்து 30 நாள். நீதிமன்றம் நீட்டினால் அதிகபட்சம் 120 நாள். அதைத் தாண்டினால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். ‘மறுக்கப்படுகிறது, வாதியே நிரூபிக்க வேண்டும்’ என்று பத்திக்குப் பத்தி எழுதும் பழக்கமும் வணிக வழக்கில் எடுபடாது. ஆர்டர் 8 ரூல் 3ஏ, ஏன் மறுக்கிறீர்கள், உங்கள் தரப்பில் நடந்தது என்ன என்று கேட்கிறது.

முதல் வேலை, எந்தக் கதையைச் சொல்லப்போகிறோம் என்று தீர்மானிப்பது. ‘நான்தான் முதலில் பயன்படுத்தினேன்’ என்றால் டிரேட்மார்க் சட்டம் பிரிவு 34. ‘அது வெறும் வர்ணனைச் சொல்’ என்றால் 30(2)(ஏ). தெரிந்தே ஐந்து ஆண்டு பேசாமல் இருந்தார் என்றால் 33. ஆனால் அதற்கு உங்கள் சின்னமும் பதிவானதாக இருக்க வேண்டும். வாதியின் பதிவே செல்லாது என்றால் அதை எதிருரையில் எடுத்தால்தான், அது தீரும்வரை வழக்கை நிறுத்திவைக்கும் 124-க்கு வழி. இவை எல்லாவற்றையும் ஒரே எதிருரையில் போடும்போது, ‘அந்தப் பெயரை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது’ என்று பத்தி 8-இலும், ‘அந்தப் பெயரை நானும் பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்’ என்று பத்தி 15-இலும் வந்து நிற்கும். மாற்று வாதம் எடுக்கலாம்தான். ஆனால் சொந்த விண்ணப்பத்தையே மறுக்கும் மாற்று வாதம் சிரிப்பைத்தான் வரவழைக்கும்.

எத்தனை தீர்ப்புகளைக் காட்டுவது? ஏ.ஐ. கருவி உதவுமா?

பிளெயின்டில் தீர்ப்பே வேண்டாம். எழுத்து மூலமான வாதத்தில், ஒரு சட்ட நிலைக்கு ஒரு தீர்ப்பு, பத்தி எண்ணோடு. வணிக வழக்கில் வாய்மொழி வாதம் தொடங்குவதற்கு முந்தைய நான்கு வாரத்துக்குள் எழுத்து வாதத்தைத் தரச் சொல்கிறது ஆர்டர் 18. அதைச் சுருக்கமாகவும் தனித்தனித் தலைப்பிலும் கேட்கிறது.

ஏ.ஐ. கருவியைத் தேதி வரிசைப் பட்டியல் போடவும் நீண்ட வாக்கியத்தை உடைக்கவும் பயன்படுத்திக்கொள்ளலாம். தீர்ப்பு தேட வேண்டாம். இல்லாத தீர்ப்பை எண்ணோடும் ஆண்டோடும் அது சொல்லும். 2023-இல் நியூயார்க்கில் மாட்டா – ஏவியான்கா வழக்கில் அப்படி வந்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தீர்ப்பை நீங்களே திறந்து படிக்காமல் அதன் பெயரைத் தட்டச்சு செய்யாதீர்கள். கட்சிக்காரரின் ரகசியத்தை அந்தக் கருவியில் ஒட்டுவதும் கூடாது.

தமிழ்வழியில் படித்தவன் நான். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருக்கிறது.

தயக்கத்துக்குக் காரணமே இல்லை. கட்சிக்காரர் சொன்ன கதையைத் தேதி வரிசைப்படி தமிழில் எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு நிகழ்வு. பிறகு அதையே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். வாக்கியம் குட்டையாக இருக்கும், இலக்கணப் பிழையும் குறையும். நீதிபதிக்குப் பிடித்தது அதுதான். பத்து வரி நீளமுள்ள ஒற்றை வாக்கியத்தை ஆங்கிலப் புலமை என்று நினைத்து எழுதுபவர்களோடு போட்டி போட வேண்டாம். மாவட்ட நீதிமன்றத்தில் தமிழில் தாக்கல் செய்பவர்களும் பிளெயின்ட் மொழி என்று தனியாக ஒன்றை வரவழைத்துக்கொள்ளத் தேவையில்லை.

தனியாகப் பயிற்சி எடுப்பது எப்படி?

தீர்ப்பு படித்தால் எழுத்து வராது. கட்டு படித்தால்தான் வரும். சீனியர் அலுவலகத்தில் முடிந்துபோன வழக்கின் கட்டை எடுத்து, முதலில் தடை உத்தரவைப் படியுங்கள். நீதிபதி உத்தரவில் எழுதிய ஒவ்வொரு விவரமும் பிளெயின்டில் எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்று பென்சிலால் குறியுங்கள். எந்தப் பத்தியிலும் குறி விழாத பக்கங்கள் நிறைய இருக்கும். அந்தப் பக்கங்கள் இல்லாமல் அதே பிளெயின்டைத் திரும்ப எழுதிப் பாருங்கள். அதன்பின் எதிர்த்தரப்பாக மாறி, அதற்கு எதிருரை எழுதுங்கள். எதிருரை எழுதும்போதுதான் பிளெயின்டின் ஓட்டை தெரியும்.

அரிவந்தானந்தம் வழக்கை (1977) ஒரு முறை முழுதாகப் படியுங்கள். டிரேட்மார்க்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சாமர்த்தியமான எழுத்தால் இல்லாத வழக்கு மூலத்தை இருப்பதுபோலக் காட்டினால் முதல் விசாரணையிலேயே கிள்ளி எறிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு அது. பிளெயின்டை நிராகரிக்கக் கோரும் ஆர்டர் 7 ரூல் 11 மனுக்களில் இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். அடிப்படைப் பாடம் வேண்டுமென்றால் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் அகாடமி டி.எல்-101 என்ற இணைய வழிப் பாடத்தை இலவசமாகத் தருகிறது. அது சட்டத்தை அறிமுகப்படுத்தும். எழுத்தைக் கற்றுத் தராது.

பிளெயின்ட் எத்தனை பக்கம் இருக்கலாம்?

டிரேட்மார்க் வழக்கென்றால் ஆவணங்கள் நீங்கலாக இருபது, இருபத்தைந்து பக்கத்துக்குள் அடக்கிவிடலாம். பேட்டன்ட் அப்படி அடங்காது. பக்கம் கூடினால் முதலில் கத்தரி போட வேண்டியது விற்பனை, விளம்பரச் செலவு அட்டவணையில். முழு அட்டவணையை ஆடிட்டர் சான்றோடு ஆவணமாக்கிவிட்டு, முதல் ஆண்டையும் கடைசி மூன்று ஆண்டையும் மட்டும் பிளெயின்டில் வைத்துக்கொண்டால் போதும். அடுத்தது, பிரிவுகளின் வாசகத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கும் பக்கங்கள். பிரிவு எண் போதும். சட்டப் புத்தகம் நீதிபதியின் மேசையிலேயே இருக்கிறது.